ஹோல்மாவின் சின்ன மணி

ஞாயிறு, காலை 9.10.

தேவாலயத்துக் கண்ணாடிப் பேழை பூட்டித்தான் இருந்தது. போதகர் ஹென்னிங் சாவியைப் போட்டுத் திறந்தார். வெளிச்சம் படாமல் இருக்க மேலே போர்த்தியிருந்த ஆட்டுத்தோலை விலக்கினார். அடியில் வெறும் பலகை இருந்தது. புத்தகத்தைக் காணவில்லை.

ஆராதனை பதினொரு மணிக்கு. அந்தப் புத்தகம் இல்லாமல் இன்றைய ஆராதனையே இல்லை.

பார்வைக்கு அது ஒன்றும் பெரிய பொக்கிஷம் அல்ல. இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவு, புகைபிடித்த அட்டை. உள்ளே முப்பத்தொரு வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண்ணின் பெயர், வயது, வீடு. 1675-இல் ஹோல்மாவில் சூனியக்காரிகள் என்று தலையை வெட்டி எரித்த பெண்கள் அவர்கள். சாட்சி சொன்னதெல்லாம் குழந்தைகள். இதே தேவாலயத்தின் வாசற்கல்லில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற பெண்களைப் பார்த்து ‘இவள், இவள்’ என்று கையை நீட்டினார்கள். ஊருக்கு வெட்கம் வர நூறு வருஷம் ஆயிற்று. வந்த பிறகு ஒரு குமாஸ்தா பழைய பதிவேடுகளைத் துருவி இந்த வரிகளை எழுதி வைத்தான். அதற்குப் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் வெறுமை. செப்டம்பர் கடைசி ஞாயிறு, வீட்டு முறைப்படி ஒருவர் எழுந்து அந்தப் பெயர்களை வாசிப்பார். வாசிக்க வாசிக்க இரும்பு விளக்குமரத்தில் மெழுகுவர்த்தி ஏறும். ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அப்புறம் காப்பியும் லவங்கப்பட்டை போட்ட பன்னும்.

9.25-க்கு ஸ்வேயா நோர்லிங் வந்து சேர்ந்தாள். நகரத்துப் போலீஸில் இன்ஸ்பெக்டர். இன்று போலீஸாக வரவில்லை, கறுப்பு உடுப்பில் வந்திருந்தாள். இந்த வருஷம் வாசிக்கும் முறை அவள் வீட்டுக்கு. அப்பா போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். வரமாட்டேன் என்று இரண்டு தடவை கடிதம் எழுதி, இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் காரில் ஏறியிருந்தாள்.

வாசலிலேயே குன்வோர் பிடித்துக்கொண்டாள். சபைக் கமிட்டித் தலைவி. எழுபது வயது. தேவாலயத்துக்கு நேர் எதிர் வீடு. அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைத் தாண்டி ஹோல்மாவில் ஒரு பூனைகூட நடமாட முடியாது.

“வந்துட்டியா? நல்லதாப் போச்சு, போன் செலவு மிச்சம். ஆளை நான் பார்த்தேன்.”

“யாரை?”

“வேற யாரை? அதோ நிக்கிறாளே.”

குன்வோர் கையை நீட்டினாள். வாசற்கல்லின் மேல் மாரித் நின்றுகொண்டிருந்தாள். தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கிறவள். கையில் ஒரு துணிப்பை. சுற்றிலும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், கொஞ்சம் தள்ளி. ஒருத்தருக்கும் அவள் பக்கத்தில் நிற்க மனமில்லை. மணி அடித்துக் கோயிலைக் கவனிக்கிற கோயில்பிள்ளை ஆல்ரிக் மட்டும் மெழுகுவர்த்திப் பெட்டியோடு கதவருகே இருந்தான். அவனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீட்டிய கையும், அந்தக் கல்லும், கல்லின் மேல் ஒரு பெண்ணும். இருநூற்றுச் சொச்சம் வருஷமாக வாசித்து வாசித்து அழுகிற ஊருக்கு, தான் எங்கே நின்று கை நீட்டுகிறோம் என்று தெரியவில்லை.

“உள்ளே வாங்க, குன்வோர். கையைக் கீழே போட்டுட்டு வாங்க.”

காலை 9.35. போதகர் உடைமாற்றும் அறை.

முதலில் போதகர். சின்ன வயசுக்காரர், ஊருக்கு வந்து இரண்டு வருஷம்.

“கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“நேத்து மத்தியானம் பன்னிரண்டுக்கு. பெயர்களை ஒரு தடவை சரிபார்த்துட்டு நானேதான் பூட்டினேன். அப்புறம் தம்பி வீட்டுக்குக் கிளம்பிட்டேன். காலைல எட்டரைக்குத்தான் திரும்பினேன்.”

“சாவி எத்தனை?”

“மூணு. என்கிட்ட ஒண்ணு. கமிட்டித் தலைவிகிட்ட ஒண்ணு. கோயில்பிள்ளையோடது இதோ, இந்த ஆணியில தொங்கும். எல்லாருக்கும் தெரியும்.”

ஸ்வேயா பேழையைக் குனிந்து பார்த்தாள். கீறல் இல்லை. ஆட்டுத்தோல் மடிப்புக் கலையாமல் கிடந்தது. எடுத்தவர் தோலைத் திரும்பப் போர்த்தி, மூடியைச் சாத்தி, பூட்டி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

திருட வந்தவனுக்குப் பூட்டிவிட்டுப் போக ஏது பொறுமை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்து குன்வோர். நாற்காலி நிறைய உட்கார்ந்தாள்.

“நேத்து பன்னிரண்டு மணிலேர்ந்து பார்த்தது கேட்டது எல்லாம் வரிசையாச் சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

“நான் ஜன்னல்லயே உக்காந்திருப்பேன்னு நெனச்சியா?”

“ஆமா.”

குன்வோர் சற்று முறைத்தாள். ஆனாலும் சொல்ல ஆசைதான்.

“பன்னிரண்டரைக்கு பாஸ்டர் கார் போச்சு. ரெண்டு மணிக்கு மாரித் பஸ் ஏறினா. டவுன் முதியோர் இல்லத்துல ஆயா வேலை, சனிக்கிழமை சாயங்காலம் எப்பவும் அங்கதான். நாலு மணிக்கு ஆல்ரிக் வந்தான், புல்லு வெட்டினான். ஆறு மணிக்கு, மறுநாள் ஓய்வுநாள்னு சொல்ற மணி. ஆறேகாலுக்குத் துக்க மணி. அப்பதான் உருளைக்கிழங்கை இறக்கினேன். பொம்பளை. முப்பத்து நாலு. பாவம், சாகுற வயசா அது? ஆத்துக்கு அந்தாண்டை ஆளா இருக்கும். பத்தேகாலுக்குக் கடைசி பஸ்ல மாரித் இறங்கினா. காலைல ஏழரைக்குப் பையோட சர்ச்சுக்குள்ள போனா, பத்து நிமிஷத்துல அதே பையோட வந்தா. கூட்டுறவளுக்கு ஞாயித்துக்கிழமை அங்க என்ன ஜோலி?”

“அவளுக்கு எதுக்குப் புத்தகம்?”

“எங்க மேல உள்ள காழ்ப்பு. அவ தங்கச்சி விஷயத்துல இந்த ஊரையே வெறுத்துட்டா. நாங்க அழறதுகூட அவளுக்குப் பொறுக்கல.” குன்வோர் குரலைத் தாழ்த்தினாள். “நாளைக்கே கமிட்டியைக் கூட்டப் போறேன். அவகிட்ட இருக்கிற வாசல் சாவியை வாங்கிடுவோம். அவ இருக்கிறதும் சபை வீடுதானே. பனி விழறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிடுவோம்.”

மாரித்துக்கு அந்த வீட்டை விட்டால் வேறு நாதியில்லை. அதைவிட, அதன் பின் ஜன்னலைத் திறந்தால் தங்கையின் கல்லறை தெரியும். அந்த ஊரில் அவள் ஆறு வருஷமாக இருக்கிற ஒரே காரணம் அது.

தங்கை பெயர் லோவிசா. ஹோல்மா பள்ளிக்கூடத்து டீச்சர். ஆறு வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில், ஆல்ரிக்கின் எட்டு வயது மகள் டில்டாவைப் பள்ளிக்கூடத்தில் காணோமென்று தேடினார்கள். பனிச்சறுக்குக் கட்டைகள் போட்டு வைக்கும் குளிர்ந்த அறைக்குள் பூட்டிக் கிடந்தாள். மூன்று மணி நேரம். இடது கால் சுண்டுவிரல் குளிரில் செத்துப்போய், எடுக்க வேண்டியதாயிற்று. டீச்சர்தான் பூட்டினாள் என்று குழந்தை வாக்குமூலம் கொடுத்தது. அதற்கப்புறம் லோவிசாவுக்கு வேலை இல்லை. கடையில் யாரும் முகம் கொடுக்கவில்லை. கதவில் கரியால் ஏதேதோ எழுதினார்கள். மார்ச் மாதம், பனி இளகத் தொடங்கிய ஆற்றின் மேல் நடந்து போனாள். மே மாதம்தான் கிடைத்தாள். அடக்கத்தன்று தேவாலயப் படியில் மாரித் கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். “என் பொண்ணைப் பூட்டி வெச்சவளுக்கு என் கையால மணி அடிக்க மாட்டேன்” என்று ஆல்ரிக் சொல்லிவிட்டான். மணி இல்லாமலே அடக்கம் நடந்தது.

குழந்தையின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட போலீஸ்காரி ஸ்வேயா. ஏழு பக்கம். அதில் மூன்றாம் பக்கத்தை அவள் தனியாக இருக்கும்போதுகூட நினைக்க விரும்புவதில்லை.

காலை 9.45.

“ஆல்ரிக், நேத்து எத்தனை மணி வரைக்கும் இங்கே இருந்தீங்க?”

“ஏழு.” ஐம்பது வயதில் முதுகு வளைந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் பார்த்ததற்கு ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“பேழையைப் பார்த்தீங்களா?”

“தோல் மூடியிருந்தது.”

“கையில என்ன கறுப்பா?”

அவன் வலது கைச் சுட்டுவிரலைப் பார்த்தான். நகக்கண் வரை கறுப்பு ஏறியிருந்தது.

“தார். கூரைக்கு அடிச்சேன்.”

“டில்டா எப்படி இருக்கா?”

“சாப்பிட மாட்டேங்கிறா” என்றான். எழுந்து போகும்போது தான் உட்கார்ந்த நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளி வைத்தான்.

கடைசியாக மாரித். உட்காரவில்லை. ஸ்வேயாவும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஸ்வேயாவின் முகத்தை அவள் நேராகப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போதும் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“பையில என்ன?”

“பாரு.”

உள்ளே லிங்கன் என்கிற காட்டுச்செடியின் கொத்துகள். சிவப்புச் சிவப்பாய்ப் பழம். அடியில் பழைய மெழுகுக் கட்டைகள்.

“வருஷா வருஷம் விளக்குமரத்துக்குக் கீழே ஒரு கொத்து இருக்குமே, அது நீதானா?”

“யாராவது கேட்டாங்களா?”

“யாருக்காக வைக்கிறே?”

“முப்பத்தொருத்திக்கு நீங்க இருக்கீங்க. நான் மத்தவளுக்கு வைக்கிறேன்.” மாரித் பையை மூடினாள். “எழுதிக்கோ. மாரித் எடுத்தான்னு எழுதிக்கோ, ஊருக்கு வசதியா இருக்கும். எழுதுறதுல நீ கெட்டிக்காரிதானே.”

அவள் போய்விட்டாள். ஸ்வேயா நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

காலை 9.55.

நோட்டைத் திருப்பிப் படித்தாள். குன்வோர் சொன்னதை மறுபடி படித்தாள். பிறகு எழுந்து போய் விளக்குமரத்தடியில் நின்ற போதகரைப் பிடித்தாள்.

“நேத்து யாருக்குத் துக்க மணி?”

“நேத்தா? அடிச்சாங்களா என்ன?”

“ஆறேகாலுக்கு.”

“ஓய்வுநாள் மணி அடிச்ச பிறகு எந்த மணியும் அடிக்கிற வழக்கமில்லையே. அதுவும் சாவு பதிஞ்ச மறுநாள் காலைல பத்து மணிக்குத்தான் துக்க மணி. அக்கரை கோயில் மணி விரிசல் விட்டுப்போச்சுன்னு அவங்க சாவுக்கும் இங்கதான் அடிக்கிறோம். ரெண்டு கரைக்கும் பதிவு என் கைலதான் வரும்.” அவர் யோசித்தார். “ஆகஸ்டுக்கு அப்புறம் எந்தச் சாவும் விழலைம்மா.”

ஸ்வேயா நோட்டில் அந்த ஆறேகாலுக்குக் கீழே கோடு போட்டாள்.

ஹோல்மாவில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதில்லை. துக்க மணியில் சின்ன மணி முதலில் என்றால் பெண், பெரிய மணி முதலில் என்றால் ஆண். கடைசியில் வயசுக்கு ஒரு அடி. அடி விழத் தொடங்கினால் அடுப்படியில் இருந்தாலும் மாட்டுக் கொட்டகையில் இருந்தாலும் விரல் தானாக எண்ண ஆரம்பித்துவிடும். நேற்றும் ஊரே எண்ணியிருக்கிறது. நம் பக்கத்தில் அந்த வயதில் யாருமில்லை, அக்கரை ஆளாயிருக்கும் என்று ஊரே நினைத்துக்கொண்டு உருளைக்கிழங்கை இறக்கி வைத்திருக்கிறது. ஒருத்தர்கூட யாரென்று கேட்கவில்லை.

பெண். முப்பத்து நான்கு.

அந்த எண்ணை ஸ்வேயா ஒரு படிவத்தில் எழுதியிருக்கிறாள். பெயர், வயது, வீடு.

காலை 10.00. மணிக்கூண்டு.

கூண்டு தேவாலயத்தை ஒட்டி இல்லை. கல்லறைத் தோட்டத்து மூலையில் தனியாக, மரத்தாலேயே எழுப்பியது. ஆராதனைக்கான இரண்டாம் மணிக்கு ஆல்ரிக் கயிற்றின் அருகே போய் நின்றிருந்தான். ஸ்வேயா மாரித்தை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அழைக்காமலே குன்வோரும் மூச்சு வாங்க வந்து நுழைந்தாள். ஸ்வேயா தடுக்கவில்லை. கை நீட்டியவள் கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

“மணி இருக்கட்டும், ஆல்ரிக். புத்தகம் எங்கே?”

ஆல்ரிக் கயிற்றை விடவில்லை.

“என்ன பேசுறே நீ?” என்றாள் குன்வோர். “ஆல்ரிக் முப்பது வருஷமா...”

“நீங்கதானே சொன்னீங்க, குன்வோர். அவரைக் காட்டிக் கொடுத்ததே நீங்கதான்.” ஸ்வேயா அவள் பக்கம் திரும்பினாள். “நேத்து ஆறேகாலுக்குத் துக்க மணி அடிச்சது. இந்த வாரம் ரெண்டு கரையிலயும் யாரும் சாகல. அப்ப யாருக்கு மணி? சின்ன மணியையும் பெரிய மணியையும் முறை தப்பாம அடிக்க இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான் வரும். அந்த நேரத்துல மாரித் டவுன்ல இருந்தா, அதையும் சொன்னது நீங்கதான்.”

“மணி அடிச்சா புத்தகத்தை எடுத்ததாகிடுமா?”

“பேழையைத் திறந்தவர் திரும்பப் பூட்டிச் சாவியை ஆணியில மாட்டியிருக்கார். எழுந்தா நாற்காலியைக்கூடச் சரியாத் தள்ளி வைக்கிற ஆளோட கை அது. அப்புறம் அந்த விரல். தார்னு சொன்னார். செப்டம்பர் கடைசி ஈரத்துல மரக்கூரைக்கு யாராவது தார் அடிப்பாங்களா? ஜூன் வெயில்ல அடிச்சாத்தான் பிடிக்கும்னு இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தார்னா நாலு நாளைக்கு நாறும். அவர் கையில சோப்பு வாசனைதான் வந்தது. அது மை, ஆல்ரிக். முப்பத்தொண்ணுக்குப் பின்னாடி வெறும் பக்கம் இருக்கு. என்ன எழுதினீங்க?”

ஆல்ரிக் ஓரத்தில் இருந்த மசகுப் பெட்டியைத் திறந்தான். எண்ணெய் டப்பாக்களுக்கு அடியில், வெள்ளை மேஜைத் துணியில் சுற்றி, புத்தகம் இருந்தது. அதை அவன் ஸ்வேயாவிடம் கொடுக்கவில்லை. மாரித்திடம் நீட்டினான்.

மாரித் எழுத்து இருந்த கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்திரண்டாவது வரியில் ‘லோவிசா’ என்று மட்டும் இருந்தது. அதற்கு மேல் பேனா ஓடவில்லை. மை ஒரு குளமாய்ப் பரவி உலர்ந்திருந்தது.

“டில்டா ஆகஸ்டுல சொன்னா” என்றான் ஆல்ரிக். “டீச்சர் பூட்டல. இவளா ஒளிஞ்சா. பாவாடையை நனைச்சுக்கிட்டா, பசங்க சிரிப்பாங்கன்னு ஒளிஞ்சா. கதவு தானாத் தாழ் விழுந்துடுச்சு. அவ்வளவுதான். அப்புறம் எல்லாரும் டீச்சர் டீச்சர்ன்னு சொல்லவும், ஆமான்னுட்டா. டீச்சர் திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டுடலாம்னு இருந்தாளாம். எட்டு வயசு. திரும்பி வருவாங்கன்னு இருந்திருக்கா.”

அவன் பெட்டியின் மூடியைச் சரியாகச் சாத்தினான்.

“அவ போன பிறகும் ஆறு வருஷமா இந்தப் புத்தகத்தைத் துடைச்சு வைக்கிறேன். இனிமே இப்படி நடக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு வருஷமும் ஊரோட சேர்ந்து ஜெபம் பண்ணினேன். இன்னிக்கு அவ பேர் இல்லாம இதைத் திறக்க விட எனக்கு மனசு வரல. முதல்ல மணி அடிச்சேன். அப்புறம் எழுத உக்காந்தேன். பேருக்கு மேல போகல. எழுதினதைக் கொண்டுபோய் வைக்கவும் தைரியமில்ல.”

“காலையில மாரித்தைக் கை காட்டினப்ப பக்கத்துலதானே நின்னீங்க?” என்றாள் ஸ்வேயா.

“நின்னேன்.”

“வாயைத் திறக்கலையே.”

“திறந்தா டில்டா பேரு வெளியே வரும். இந்த ஊரு அவளை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். நானும் இந்த ஊருதானே.”

மாரித் புத்தகத்தை மூடவில்லை. அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆகஸ்டுலயே தெரியுமா?” என்றாள்.

“தெரியும்.”

“அதுக்கப்புறம் எத்தனை சனிக்கிழமை காலைல வந்து கூட்டினேன். நீ கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பே, நான் வாளியைத் தூக்கிட்டு உள்ளே போவேன். ஒரு சனிக்கிழமைகூடவா வாய் வரல?”

ஸ்வேயா பேசினாள். பேசாவிட்டால் இனி எப்போதும் பேச முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மாரித், இன்னொண்ணு இருக்கு. அன்னிக்கு டில்டா யார் பேரையும் சொல்லல. பதினொரு நிமிஷம் வாயே திறக்காம உக்காந்திருந்தா. எனக்குப் பொறுமை போச்சு. ‘லோவிசா டீச்சர் கதவைச் சாத்தினாங்களா’ன்னு கேட்டேன். தலையை ஆட்டினா. மூணாம் பக்கத்துல இருக்கு. அந்தப் பேரை முதல்ல சொன்னது நான். உன் தங்கச்சி கிடைச்ச அன்னிக்கு ராத்திரி எடுத்துப் படிச்சுப் பார்த்தேன். அன்னிலேர்ந்து எனக்குத் தெரியும். ஆல்ரிக்காவது ஒரு மாசம்தான் மறைச்சார்.”

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மாரித் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் ஸ்வேயாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெறும் களைப்புதான் இருந்தது.

“ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு” என்றாள் மாரித். “எனக்கு மட்டும் தெரியாது. அவ பூட்டலைன்னு நான் நம்பினேன். அவ்வளவுதான். நம்பிக்கிட்டே இருந்தேன், ராத்திரியில சந்தேகமும் பட்டேன். என் தங்கச்சியை நானே சந்தேகப்பட்டேன். அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது இப்ப?”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சத்தமே வரவில்லை. குன்வோர் அவள் தோளைத் தொடக் கையை எடுத்தாள், நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். தொட அருகதை இல்லையென்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

காலை 10.20.

மாரித் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஆல்ரிக்கின் பக்கம் திரும்பினாள்.

“நேத்து மணி அடிச்சியாமே?”

“அடிச்சேன்.”

“நான் டவுன்ல இருந்தேன். யாரோ ஒரு கிழவருக்குச் சூப் ஊட்டிக்கிட்டிருந்தேன். எனக்குக் கேக்கல.”

ஆல்ரிக் அவளையே பார்த்தான். பிறகு புரிந்தது. சின்ன மணிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தான்.

வெளியே ஆராதனைக்கு வந்த ஜனம் கல்லறைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது. சின்ன மணி முதலில் ஒலித்தது. பிறகு பெரிய மணி. எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு ஒற்றை அடிகள் விழத் தொடங்கின. விரல்கள் தாமாக எண்ணின. பத்து. இருபது. முப்பது. முப்பத்து நான்கில் மணி நின்றது.

நேற்று இதையே கேட்டவர்கள்தான். இன்று மணிக்கூண்டின் வாசலில் மாரித் நின்றுகொண்டிருந்தாள், அவள் கையில் புத்தகம் இருந்தது. இந்த முறை யாரும் அக்கரைப் பக்கம் பார்க்கவில்லை. குன்வோர் மடக்கிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலிக் கதவருகே ஒரு சைக்கிள். அதைப் பிடித்துக்கொண்டு டில்டா. பதினான்கு வயது, ஒரு கால் லேசாகச் சாய்ந்தபடி. அவளும் எண்ணியிருந்தாள். வாய் கோணியது. ஊரில் இரண்டொருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாரித் அதைக் கவனித்தாள்.

“ஸ்வேயா, நீ எழுதுற ஆளாச்சே, இதையும் எழுதிக்கோ. அந்தப் பொண்ணை யாரும் அந்தக் கல்லு மேல ஏத்தி நிறுத்தக் கூடாது. குன்வோர், உங்களுக்கும்தான். ஒருத்தர் கை அவ பக்கம் நீண்டுச்சுன்னாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.”

“சரிம்மா” என்றாள் குன்வோர். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

“உங்களை மன்னிச்சேன்னு நினைச்சுடாதீங்க” என்றாள் மாரித், ஆல்ரிக்கையும் ஸ்வேயாவையும் சேர்த்துப் பார்த்து. “அதெல்லாம் என்னால முடியாது. வருமான்னும் தெரியல.”

“நாளைக்குக் காலைல மூணாம் பக்கத்தை மேலதிகாரி மேஜைல வைக்கிறேன்” என்றாள் ஸ்வேயா.

“வை. அது நாளைக்கு.” மாரித் புத்தகத்தை அவள் கையில் திணித்தாள். “இன்னிக்கு உன் வீட்டு முறை. நீதான் படிக்கணும். அந்தக் குழந்தை வாயில அவ பேரை வெச்சியே, அதே வாயால படி.”

காலை 11.00.

தேவாலயம் நிறைந்திருந்தது. ஸ்வேயா எழுந்து நின்று வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏறியது. முப்பத்தொன்று முடிந்தது. வழக்கம்போல ஜனங்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

மைக் குளத்துக்கு நடுவே ஒரு சொல்தான் இருந்தது. மீதியை அவளுக்குப் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. ஆறு வருஷத்துக்கு முன் படிவத்தில் தன் கையாலேயே நிரப்பியவை.

“லோவிசா எக்மான். வயது முப்பத்து நான்கு. வீடு, ஹோல்மா பள்ளிக்கூடம்.”

விளக்குமரத்தில் முப்பத்தொரு கிண்ணம்தான் உண்டு. மாரித் துணிப்பையிலிருந்து ஒரு பழைய மெழுகுக் கட்டையை எடுத்து ஏற்றி, லிங்கன் கொத்துக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.